கலத்தின் வடிவும் காப்போர் கடனும்

பலகாலும் கண்ணிற் படும் பொருள்களே பெரும்பாலும் கருத்திற் படாது போகின்றன. ஊர்தோறும் தூண்கள்மீது உயர்ந்து நிற்கும் நீர்த்தொட்டியை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இருப்புப்பாதையில் எண்ணெய் சுமந்து வரிசையாய்ச் செல்லும் வண்டிகளையும், தெருவில் விரையும் பால் வண்டியையும், அடுக்களையில் நிற்கும் எரிவாயுக் கலத்தையும் காண்கின்றோம். ஆயினும், இவையெல்லாம் ஏன் உருண்டு திரண்ட வடிவினவாய் இருக்கின்றன, நாம் வாழும் அறைகளைப்போல நான்கு மூலையும் நேர்சுவரும் உடையனவாய் ஏன் இல்லை என்று வினவுவோர் மிகச் சிலரே. வினவுவோர்க்கும் 'அழகுக்காக' என்றோ, 'அஃது அவ்வாறு செய்வது வழக்கம்' என்றோ விடை கிடைத்துவிடுகின்றது.

இவ்விரண்டு விடையும் பொருந்தா என்பது எமது கருத்து. கலத்தின் வடிவம், உள்ளிருக்கும் திரவம் இடைவிடாது விடுக்கும் வினாவிற்குச் சுவர் இறுக்கும் விடையாகும். அவ்விடையை அறிதல் எஞ்சினீயருக்கு மட்டும் உரியதென்று ஒதுக்குதலும் தகாது. தொட்டியின் நீரைப் பருகுவோர்க்கும், அதன் நிழலில் வாழ்வோர்க்கும் அஃது உரியதேயாம். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், திரவத்தின் இயல்பை நோக்குவோம். செங்கற்களை அடுக்கி வைத்தால் அவற்றின் பாரம் நிலத்தின்மேல் இறங்கும். பக்கத்தே சுவர் இல்லையாயினும் அடுக்கு நிற்கும். நீரோ அங்ஙனம் நில்லாது. அது கீழே அமுக்குவதோடன்றிப் பக்கமெல்லாம் தள்ளும். அத்தள்ளுதலின் அளவு நீரின் மொத்த எடையைப் பொறுத்ததன்று; அதன் ஆழத்தையே பொறுத்தது. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் இவ்வுண்மையை ஆராய்ந்து விளக்கினார். 10 மீட்டர் உயரமுள்ள ஒரு சிறு குழாயின் அடியிலும், 10 மீட்டர் ஆழமுள்ள ஒரு பேரேரியின் அடியிலும் நீரின் அமுக்கம் ஒன்றே. அஃது ஒரு சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம். அகலத்தை மிகுத்தால் அமுக்கம் மிகாது. ஆழத்தை மிகுத்தால் மிகும். ஆகலின் தொட்டியின் விளிம்பருகே சுவர்க்கு வேலை மிகக் குறைவு; கீழே செல்லச்செல்ல வேலை பெருகும்; அடியில் அது மிகப் பெரிது. பெரிய இரும்புத் தொட்டிகளின் கீழ்த்தகடுகள் கனமாயும் மேற்றகடுகள் மெல்லியனவாயும் அமைக்கப்படுவது இதுபற்றியே.

இனி, இத்தள்ளுதலை நேர்சுவர் எவ்வாறு தாங்கும், வளைந்த சுவர் எவ்வாறு தாங்கும் என்பதைக் காண்போம். 5 மீட்டர் ஆழமுள்ள சதுரத் தொட்டியொன்றில், சுவரின் ஒவ்வொரு மீட்டர் அகலத்தின்மேலும் நீர் 12½ டன் எடையளவு வலிமையோடு சாய்கின்றது. நேர்சுவர் அதற்கு எதிரே வயிறு புடைத்து வளையும். மூலைக்கும் மூலைக்கும் இடையே தாங்கப்பட்ட சுவரின் நீளம் இரட்டித்தால் வளைக்கும் விசை நான்கு மடங்காகும். இவ்வளைவின் துன்பமெல்லாம் சுவர்கள் கூடும் மூலைகளிற் சென்று திரள்கின்றது. பழைய வீட்டு மாடிகளில் செங்கல்லாற் கட்டிய சதுரத் தொட்டிகள் முதலிற் கசிவது பெரும்பாலும் மூலையிலேயே என்பதை வீட்டார் நன்கறிவர்.

வட்டச் சுவர்க்கோ மூலை இல்லை. பலர் கைகோத்து வட்டமாய் நிற்க, உள்ளே நிற்போர் அவர்களை வெளியே தள்ளுவதாகக் கொள்வோம். வட்டத்தில் நிற்பவர் எவரும் முதுகு வளைய வேண்டுவதில்லை. எல்லாக் கைகளும் ஒரே அளவாய் இழுக்கப்படும். ஒருவர்மேல் விழும் சுமை அனைவர்க்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. வட்டத் தொட்டியின் தகடு செய்வதும் இதுவே. வளைதல் என்னும் கொடிய வேலை நீங்கி, இழுபடுதல் என்னும் எளிய வேலையே அதற்கு எஞ்சுகின்றது. இரும்பு இழுவைத் தாங்குவதில் மிக வல்லது. ஆதலின், சதுரத் தொட்டிக்குத் தடித்த தகடும் குறுக்குச் சட்டங்களும் வேண்டுமிடத்து, வட்டத் தொட்டிக்கு மெல்லிய தகடே போதுமானதாகின்றது.

பொருட்சிக்கனமும் வட்டத்தின் பக்கமே நிற்கின்றது. 1,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள மூடிய கலம் ஒன்றைக் கனசதுரமாய்ச் செய்தால் 600 சதுர மீட்டர் தகடு வேண்டும். உயரமும் குறுக்களவும் ஒத்த உருளையாய்ச் செய்தால் ஏறத்தாழ 554 சதுர மீட்டர் போதும். முழுக் கோளமாய்ச் செய்தால் 484 சதுர மீட்டரே போதும். அன்றியும், குறுக்களவும் அமுக்கமும் ஒன்றாயிருக்க, கோளத்தின் தகட்டில் எழும் இழுவை உருளையின் தகட்டில் எழுவதிற் பாதியே. அங்ஙனமாயின் எல்லாத் தொட்டிகளையும் கோளமாகவே செய்யலாகாதோ எனின், ஆகாது. தகட்டை ஒரு திசையில் வளைத்தல் எளிது. இரு திசையிலும் வளைத்தல் அரிது. கோளம் தானே நில்லாது, கால்கள் வேண்டும். ஆகவே, அமுக்கம் மிகப் பெரிதாயிருக்கும் இடத்து மட்டும் இச்செலவை ஏற்கின்றனர். எரிவாயுவை அமுக்கித் திரவமாக்கிச் சேமிக்கும் கோளத் தொட்டிகள் இவ்வகையின. இவ்வினத்தில் முதலாவது, அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்துப் போர்ட் ஆர்தர் நகரில் 1923-இல் எழுப்பப்பட்டது. அமுக்கம் குறைந்த எண்ணெய்க்கும் நீர்க்கும் செலவும் வலிமையும் ஒருங்கே பொருந்திய நடுவழியாய் உருளை அமைந்தது. நம் அடுக்களையிலுள்ள எரிவாயுக் கலம் உருளையும் கோளமும் செய்துகொண்ட உடன்படிக்கை எனலாம். உடல் உருளை, மேலும் கீழும் புடைத்த தலைகள்.

கலத்தின் தொழில் மாறின் வடிவமும் மாறும். எண்ணெய்த் தொட்டிகள் பரந்து தாழ்ந்திருப்பன. உயர்ந்தால் அடித்தகட்டின் அமுக்கமும் கீழ்நிலத்தின் பாரமும் மிகும் அன்றோ? அவற்றுட் பலவற்றின் கூரை எண்ணெயின்மீதே மிதந்து ஏறியிறங்கும். இடையே வெற்றிடம் இன்மையால் எண்ணெய் ஆவியாய்க் கழிவது குறைகின்றது. தெருவிற் செல்லும் எண்ணெய் வண்டிகளுட் பல நீள்வட்ட வடிவின. முழு வட்டமாயின் உயரம் மிகுந்து, திருப்பங்களிற் கவிழும் அச்சம் மிகும். உள்ளிருக்கும் திரவம் முன்னும் பின்னும் அலைமோதி வண்டியைப் புரட்டாதவாறு துளையிட்ட தடுப்புத் தகடுகளும் அமைக்கப்படுகின்றன. மேலை நாட்டார் பயன்படுத்திய மரப்பீப்பாயின் வயிறு புடைத்திருப்பதாலன்றோ, ஒருவரே அதனை உருட்டவும் நினைத்தவாறு திருப்பவும் இயன்றது? நுனியினின்று நடுவை நோக்கி இரும்புப் பட்டைகளை அடித்து இறக்குந்தோறும் பலகைகள் மேன்மேலும் இறுகும். நம் குயவர் வனையும் பானைக்கு மூலையில்லை. மூலையிருப்பின் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் அங்கே வெடிக்கும். அடி உருண்டிருப்பதால் அடுப்பின் சூடு பரவி ஏறுகின்றது. நிற்பதற்கோ பிரிமணை இருக்கின்றது. வளைந்த இடையில் வளைந்த குடத்தை வைத்து நீர் சுமந்த மகளிர்க்குக் குடத்தின் வடிவத்தைப்பற்றி ஒருவரும் விரிவுரை நிகழ்த்த வேண்டியதில்லை. அவர்தம் கையே அதனை அறியும்.

இவ்விடத்து விவிலியச் செய்தியொன்று எம் நினைவிற்கு வருகின்றது. சாலொமோன் அரசன் ஆலயத்திற்கு வார்ப்பித்த வெண்கலக் கடல் என்னும் பெருந்தொட்டி வட்டமானது. குறுக்களவு 10 முழம், உயரம் 5 முழம் என்று இராஜாக்களின் முதற்புத்தகம் கூறும். மேற்புறம் திறந்த உருளைத் தொட்டியொன்றைக் குறித்த கொள்ளளவிற்கு மிகக் குறைந்த தகட்டாற் செய்ய வேண்டுமாயின், அதன் உயரம் குறுக்களவிற் பாதியாயிருத்தல் வேண்டும் என்பது இக்காலக் கணிதம். அவ்விரண்டும் ஒத்திருத்தல் வியப்பே. வார்த்தவன் கணக்கிட்டு வார்த்தான் என்று யாம் சாதிக்க வரவில்லை; விலையுயர்ந்த உலோகத்தைப் பல்லாண்டு கையாண்டவனுக்குச் சிக்கனமான வடிவம் தானே புலப்படும் என்ற அளவே கருதுகின்றோம்.

நம் நாட்டு ஊர்களில் மேல்நிலைத் தொட்டிகள் பல, மேலே அகன்ற உருளையாயும் அடியிற் புனல்போலச் சரிந்து குறுகியும் நிற்பதைக் காணலாம். இவ்வமைப்பு ஜெர்மனி தேசத்து ஆகன் நகரில் ஆசிரியராயிருந்த ஓட்டோ இன்ட்சே (1843–1904) என்பவர் வகுத்தது. அதன் அடித்தளத்தின் நடுப்பகுதி கவிழ்த்த கிண்ணம்போல் உள்நோக்கிக் குவிந்திருக்கும். சுற்றுப்பகுதி புனல்போல் இருக்கும். நீரின் பாரத்தால் கிண்ணம் தன்னைத் தாங்கும் வளையத்தை வெளியே தள்ளும். புனலோ அவ்வளையத்தையே உள்ளே தள்ளும். இவ்விரு தள்ளுதலும் ஒன்றையொன்று தணிக்குமாறு அளவிட்டால், வளையத்திற்கு எஞ்சுவது நேர்கீழான பாரமே. அதனைத் தூண்கள் தாங்கிக்கொள்ளும். இரு மல்லர் தோளோடு தோள் பொருத அசையாது நிற்பதுபோன்ற சமநிலை இது. இத்துணை நுண்மையான ஏற்பாட்டின் கீழே நாம் மிதிவண்டியை நிறுத்திவிட்டு நிழலில் உரையாடிக்கொண்டிருக்கின்றோம்.

வடிவத்தின் பெருமையை இதுகாறும் கூறினோம். வடிவம் ஒன்றே போதுமோ எனின், போதாது என்பதை ஒரு நகரம் பெருவிலை கொடுத்துக் கற்றது. அந்நகரம் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன். கரும்புச்சாற்றினின்று சருக்கரையைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கரிய பாகைச் சேமித்து, அதனின்று சாராயம் வடித்து வெடிமருந்துத் தொழிலுக்கு உதவும்பொருட்டு, 1915-இல் அங்கே ஒரு கம்பெனி பெருந்தொட்டியொன்றை எழுப்பியது. உயரம் 50 அடி, குறுக்களவு 90 அடி. வடிவமோ, யாம் மேலே புகழ்ந்த வட்ட உருளையே. அதனை எழுப்புவித்த மேற்பார்வையாளர் எஞ்சினீயர் அல்லர். கணக்கும் பணமும் கையாண்டவர். முழுதும் நீர் நிரப்பிச் சோதித்தலுக்குப் பதிலாக, அடியில் ஆறங்குலம் மட்டும் நீர்விட்டுப் பார்த்துச் சோதனை முடிந்ததாகக் கொண்டனர். தொட்டி முதலிலிருந்தே தகடுகளின் பொருத்துகளில் கசிந்தது. அக்கம்பக்கத்துச் சிறுவர் ஒழுகும் பாகைக் கலங்களில் ஏந்திச் சென்றனர். கம்பெனியார் செய்தது யாது? ஒழுக்குத் தெரியாதவாறு தொட்டிக்குப் பாகின் நிறத்திலேயே வண்ணம் பூசினர்.

1919-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 15-ஆம் நாள் நண்பகலில் அத்தொட்டி பிளந்தது. உள்ளேயிருந்த பாகு ஏறத்தாழ 23 இலட்சம் அமெரிக்கக் காலன்; எடை ஏறத்தாழ 12,000 டன். அப்பாகு நீரினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமுடையது. தொட்டியின் அடியில் ஒரு மீட்டர் உயரமுள்ள தகட்டு வளையத்தைப் பிரித்திழுத்த விசை எம் கணக்கின்படி 270 டன் அளவாகும். பாகு அலையாய் எழுந்து தெருக்களிற் பாய்ந்தது, வீடுகளைப் பெயர்த்தது, உயர்த்திக் கட்டிய இருப்புப்பாதையின் இரும்புத் தூண்களை முறித்தது. 21 பேர் மாண்டனர். ஏறத்தாழ 150 பேர் காயமுற்றனர். கம்பெனியார் அராஜகர் வெடிவைத்ததாகக் கூறினர். நெடிய விசாரணைக்குப்பின் 1925-இல் அக்கூற்றுத் தள்ளப்பட்டு, தொட்டியின் வலிமைக்குறைவே காரணம் என முடிவு செய்யப்பட்டது, நட்டஈடும் விதிக்கப்பட்டது. பிற்காலத்தில் ஆராய்ந்த எஞ்சினீயர்கள், தகடுகள் வேண்டிய கனத்தில் ஏறத்தாழப் பாதியே இருந்தன என்றும், அவ்வெஃகு குளிரில் எளிதில் உடையும் இயல்பினது என்றும் கண்டனர்.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. வட்டம் தன் கடமையைச் செய்தது. சுமையை எல்லாத் தகட்டுக்கும் ஒப்பப் பகிர்ந்தளித்தது. ஆயின், பகிர்ந்த பங்கைத் தாங்கும் வலிமையைத் தகட்டிற்கு மனிதர் கொடுக்கவில்லை. வடிவம் சுமையைப் பங்கிடுமேயன்றிச் சுமையை இல்லாததாக்காது. கைகோத்து நிற்கும் வட்டத்தில் ஒரு கை நெகிழ்ந்தாலும் வட்டம் முழுதும் சிதறும். தொட்டி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தன் குறையைக் கசிவால் எடுத்துரைத்துக்கொண்டே இருந்தது; கேட்க வேண்டியவர் அதன் வாயை வண்ணத்தால் மூடினர்.

யாம் கூறியவற்றிற்குத் தடைகள் இரண்டு எழக்கூடும். முதலாவது, கல்கத்தாவில் 1911 முதல் பயன்பட்டுவரும் டாலா நீர்த்தொட்டி சதுரமானதன்றோ என்பது. ஆம், ஏறத்தாழ 90 இலட்சம் காலன் கொள்ளும் அப்பெருந்தொட்டி சதுரமே. ஆனால் அதனை அமைத்தோர் பரப்பை மிகப் பெரிதாக்கி ஆழத்தைக் குறைத்தனர். உள்ளே நான்கு அறைகளாய் வகுத்தனர். எண்ணற்ற எஃகுத் தூண்களால் தாங்கினர். சதுரத்தின் குறையை அறிந்தே, அதற்குரிய விலையை இரும்பால் இறுத்தனர். எவ்வடிவமும் தன்னளவிற் குற்றமுடையதன்று. அறியாது கொள்வதும், அறிந்தும் விலைகொடாது விடுவதுமே குற்றம். ஆகலின் இத்தடை எம் கொள்கையை வலியுறுத்துவதேயன்றி மறுப்பதாகாது.

இரண்டாவது தடை எம்மனோர்க்கு இன்னும் அணித்தானது. 'தமிழ் பயில்வோர்க்குத் தொட்டியின் கணக்கு எற்றுக்கு? அதனை விஞ்ஞான வகுப்பினர்க்கு விட்டுவிடலாமே' என்பர் நண்பர் சிலர். தாழி, மிடா, சாடி, குடம், தவலை, அண்டா, கொப்பரை என்று ஒவ்வொரு கலத்திற்கும் தனித்தனியே பெயரிட்டு வழங்கிய மொழி நம் மொழி. பெயர் வேறாயதற்குக் காரணம் வடிவம் வேறாதல். வடிவம் வேறாதற்குக் காரணம் தொழில் வேறாதல். சொல்லை மட்டும் உருவிட்டுப் பொருளை அறியாது விடுதல் புலமையாகாது. அன்றியும், தொட்டி பிளக்குங்கால் அது தமிழ் வகுப்பு, விஞ்ஞான வகுப்பு என்று பார்ப்பதில்லை. பாஸ்டனில் கசிவைக் கண்டவர் பலர். அதன் பொருளை அறிந்து வினவும் உரிமை தமக்குண்டென்று எண்ணியவர் சிலரே. அறிவு ஒரு சிலரிடமே அடைந்து கிடக்குமாயின், அச்சிலர் தவறும்போது தடுப்பார் இலர். அவ்வறிவை ஊரார்க்கு எளிய தமிழில் எடுத்துரைத்தல் எம்போல்வார் கடனன்றி வேறு யார் கடன்?

ஆகவே, எம் வேண்டுகோள் மூன்று. ஊரில் மேல்நிலைத் தொட்டி எழுப்பப்படுங்கால், அதனை விளிம்புவரை நீரால் நிரப்பிச் சில நாள் நிறுத்திச் சோதித்த பின்னரே பயனுக்குவிட வேண்டும். நம் நாட்டுக் கட்டுமான விதிகளும் நீர்ச்சோதனையைக் கூறுகின்றன. அது நடந்ததா என்று ஊரார் கேட்டறிதல் வேண்டும். தொட்டியிற் கசிவோ, விரிசலோ, துருப்பிடித்த கம்பி வெளிப்படுதலோ காணின், சுண்ணாம்பும் வண்ணமும் பூசி மறையாமல் உரியோரை அழைத்துக் காரணம் காண வேண்டும். வீடு கட்டுவோர், இடம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் ஆழ்ந்த சதுரத் தொட்டியை மாடிமேல் ஏற்றாமல், அறிந்தவரைக் கலந்து செய்ய வேண்டும். இந்நாளிற் பரவியுள்ள கரிய பிளாஸ்டிக் தொட்டி உருண்டிருப்பதும், வளையம் வளையமாய்ப் புடைத்திருப்பதும், ஒளிபுகாது பாசியைத் தடுக்குமாறு கரிய நிறம் பெற்றிருப்பதும் காரணத்தோடு அமைந்தவையே. அதனை அழகற்றதென்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

நீர்க்கு அடக்கமுண்டு, ஆயின் பொறுமையில்லை. இரவும் பகலும், விடுமுறை நாளிலும், அது தன் கலத்தின் ஒவ்வொரு பொருத்தையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றது. கலத்தைச் செய்தோரும் காப்போரும் அதனினும் விழிப்பாயிருத்தல் வேண்டும். நம் கல்லூரி அன்பர்கள் தத்தம் ஊர்க்கு மீளுங்கால், அவ்வூர்த் தொட்டியை ஒருமுறையேனும் அண்ணாந்து நோக்கி, அது நிற்குமாற்றை அருகிருப்பார்க்கு உரைப்பாராயின், யாம் இதனை எழுதியதன் பயன் முற்றும்.